வன்னியில் இருந்துகொண்டு ஒரு வால்வு கிற்றார் அம்ப் கட்டுவது எப்படி

வால்வு அம்ப்பின் (ரான்சிஸ்ரருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளால் கிற்றார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) சத்தம் பிடித்துப்போய், கடை விலையைப் பார்த்துவிட்டு, "நாங்களே கட்டினால் என்ன" என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருக்கிறவருக்கு எழுதியவை. அவருடைய சுவரில் 120 வோல்ற் வரும், கேட்ட வால்வு இரண்டு மூன்று நாளில் வாசலுக்கு வரும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து கட்டுகிறவருக்கு சேர்க்கிட் பெரிய தலையிடி இல்லை. கரண்ட், எர்த், பொருள் எடுப்பிக்கிற வழி, இந்த மூன்றும்தான் ஆளை அலைக்கழிக்கும். அதனால் அவற்றை விரித்து எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் இதைக் கட்டாயம் வாசியுங்கள். இந்தப் பெட்டிக்குள் 340 வோல்ற்றுக்கு மேல் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்) ஓடும். சில நேரம் 460ஐயும் தாண்டும். வீட்டில் ட்ரிப் ஸ்விட்ச் இருக்குத்தானே என்று நம்பி இறங்க வேண்டாம். சுவர்க் கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால்தான் ட்ரிப் விழும். ரான்ஸ்போமருக்கு அங்கால் நடப்பது அதற்குத் தெரியாது. உள் வோல்ற் உங்களைப் பிடித்தால் ட்ரிப் விழாமலே நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும், மின்னைச் சேமித்து வைக்கும் கப்பாசிற்றர்களில் வோல்ற் தங்கி நிற்கும். ஆகவே திறந்த அம்ப்பில் கரண்ட் கொடுத்து வேலை செய்யும்போது வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும். அவருக்கு மெயின் ஸ்விட்ச் எங்கே என்று முதலே காட்டிவிடுங்கள். சோல்டரிங் அயன் பிடித்தே பழக்கமில்லாதவர் முதலில் ஒரு சின்ன ரான்சிஸ்ரர் அம்ப் கிற் ஒட்டிப் பழகிவிட்டு வாருங்கள். அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. அங்கே மின் வேலை படிக்கிற ஆள் யாரும் தெரிந்தவராக இருந்தால், முதல் தடவை கரண்ட் கொடுக்கிற அன்று பக்கத்தில் வைத்திருப்பது நல்லது.

1. எதைக் கட்டுவது

பெண்டர் கொம்பனியின் சாம்ப் என்ற சின்ன அம்ப்பின் 5எஃப்1 சேர்க்கிட்டைக் கட்டுங்கள். 1950களின் இரண்டாம் பாதியில் வந்தது. மூன்றே மூன்று வால்வு: கிற்றார் சிக்னலை முதலில் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6ஜிடி, ஏசியை டிசியாக்க ஒரு 5வை3ஜிடி. ஒரே ஒரு வொலியூம் குமிழ். ஐந்து வாற்ஸ் அளவில் சத்தம் வரும். கேட்க அது குறைவாகத் தெரியும். வீட்டுக்குள் முழுதாகத் திறந்தால் அயல் முழுக்கக் கேட்கும். தேவாலயப் பாடகர் குழுவிலோ பாடசாலை மேடையிலோ வாசிப்பதென்றால் முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும்.

மார்ஷல் ஜேரிஎம்45, பெண்டர் பாஸ்மன் போன்றவற்றில் ஆசை இருக்கும். அவற்றில் வால்வும் கூட, வோல்ற்றும் கூட, பிழை தேடுவதும் கடினம், செலவும் பல மடங்கு. சாம்ப்பில் பிழை வந்தால் தேட வேண்டிய ஒட்டுகளை ஒரு மணி நேரத்தில் எண்ணி முடிக்கலாம்.

5எஃப்1இன் சேர்க்கிட் படமும், பலகையில் எது எங்கே வரும் என்று காட்டும் லேஅவுட் படமும் இணையத்தில் இலகுவாகக் கிடைக்கும். இரண்டையும் ஏ3 தாளில் அச்சடித்து லமினேற் பண்ணிச் சுவரில் ஒட்டுங்கள். போன் திரையைப் பார்த்து ஒட்டினால் வால்வின் கால் (பின்) எண் மாறும்.

2. முதலில் வீட்டுக் கரண்டைப் பாருங்கள்

ஒரு ரூபாய்க்கும் பொருள் வாங்குமுன் செய்ய வேண்டிய வேலை இது.

வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ற், கூட்டிக் குறைத்து 6 வீதம். கணக்குப்படி 216 முதல் 244 வரை. ஊரில் ரான்ஸ்போமரிலிருந்து தள்ளி, ஒழுங்கையின் கடைசியில் இருக்கிற வீடுகளில் மாலையில் எல்லோரும் லைற் போட, தண்ணீர் மோட்டர் போட, இதற்கும் கீழே இறங்கும். நடுச்சாமத்தில் மேலே ஏறும். ஒரு கிழமைக்கு விடியப்புறம், மத்தியானம், இரவு ஏழு மணி என்று அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். வால்வு அம்ப்பில் சுவர் வோல்ற் கூடினால் உள்ளே எல்லாம் அதே வீதத்தில் கூடும். சுவரில் 244 என்றால் உள்ளே 340 இருக்க வேண்டிய இடத்தில் 360 நிற்கும். அந்தக் கொப்பி பிறகு ஒன்பதாவது படியில் தேவைப்படும்.

அடுத்தது எர்த். மீள்குடியேற்றத்தில் கட்டிய வீடுகளில் எர்த் கம்பி அடித்துத்தான் இருக்கும். ஆனால் பிறகு கூட்டிய அறைக்கு, விறாந்தைக்கு வயர் இழுக்கும்போது எர்த்தை விட்டுவிட்டு லைனும் நியூட்ரலும் மட்டும் கொண்டுபோன இடங்கள் நிறைய. பிளக் பொயின்ற்றில் மூன்று ஓட்டை இருக்கிறது என்பதற்காக எர்த் வருகிறது என்று எண்ணாதீர்கள். வயரிங் செய்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டு அந்தப் பொயின்ற்றை எர்த் மீற்றரால் பார்ப்பியுங்கள். கோடையில் நிலம் காய்ந்து வெடிக்கும்போது எர்த் பலவீனமாகும். ஆகவே ஆடி, ஆவணியில் ஒருமுறை பார்ப்பது நல்லது. ட்ரிப் ஸ்விட்ச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள்.

அசல் சாம்ப்புக்கு இரண்டு கம்பி வயர்தான் வந்தது. அந்த ஒரு விடயத்தில் அசலைப் பின்பற்றவே வேண்டாம். மூன்று கம்பி, 13 அம்பியர் சதுரப் பின் பிளக், உள்ளே பச்சை-மஞ்சள் வயர் தனி ஆணியில் சேசிஸோடு (எல்லாப் பொருளையும் தாங்கும் உலோகத் தகடு) இறுக்கம். இரைச்சல் வருகிறது என்று எர்த்தைக் கழற்றிவிடச் சொல்லுகிறவர்கள் இருப்பார்கள். கேட்க வேண்டாம். கிற்றாரின் கம்பி உங்கள் விரலில் இருக்கிறது.

சின்ன இன்வேட்டர்களில் இந்த அம்ப்பைப் போட வேண்டாம். அவை தரும் படிக்கட்டு அலையில் ரான்ஸ்போமர் உறுமும், சூடாகும்.

3. ரான்ஸ்போமர்: காசு வீணாகும் இடம்

இரண்டு ரான்ஸ்போமர் வேண்டும். ஒன்று பவர், மற்றது அவுட்புட்.

பவர் ரான்ஸ்போமரில் நீங்கள் தேட வேண்டியது இவ்வளவு: பிரைமரி (சுவர்ப் பக்கச் சுருள்) 230 அல்லது 240 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், செக்கண்டரி (வெளியே தரும் சுருள்) 325-0-325 வோல்ற் (நடு வயரின் இரு பக்கமும் 325, மொத்தம் 650), 70 மில்லி அம்பியருக்குக் குறையாமல், 6.3 வோல்ற் 2 அம்பியர். 5 வோல்ற் 2 அம்பியர். "சாம்ப் ரான்ஸ்போமர்" என்று மட்டும் கேட்டால் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்தான் வரும். நான் 240 என்று எழுதிக் கேட்டும் எனக்கு முதலில் வந்தது 120 வோல்ற்றுக்கானது. திருப்பி அனுப்பும் தபால் செலவு பொருளின் விலையையே நெருங்கியது. விற்பவரிடம் லேபிளின் படத்தை அனுப்பச் சொல்லி, 50 ஹேர்ட்ஸ் என்று கண்ணால் கண்ட பிறகு காசு கட்டுங்கள்.

ஸ்ரெப்-டவுன் ரான்ஸ்போமர் ஒன்றை முன்னால் போட்டு 110 ஆக்கினால் சரிதானே என்று கேட்பீர்கள். வோல்ற் குறையும், ஹேர்ட்ஸ் மாறாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த ரான்ஸ்போமர் 50இல் கூடச் சூடாகும். எங்கள் வெயிலில் அதற்கு ஆயுள் குறைவு.

உறவினர்கள் மூலம் எடுப்பிக்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். வால்வுக்கு நாடு முக்கியமில்லை. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ பாரிஸிலோ வாங்கினாலும் ஒன்றுதான். பவர் ரான்ஸ்போமரை மட்டும் இங்கிலாந்து, ஜேர்மனி, பிரான்ஸ் பக்கத்திலிருந்து எடுப்பியுங்கள். கனடாவில் இருக்கிற மாமா அன்போடு வாங்கிவருவது 120 வோல்ற்றுக்கானதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அவுட்புட் ரான்ஸ்போமர் 7 முதல் 8 கிலோ ஓம் பிரைமரி, செக்கண்டரி உங்கள் ஸ்பீக்கருக்கு ஏற்ப 4 அல்லது 8 ஓம், "சிங்கிள் எண்டட்" (ஒரே ஒரு அவுட்புட் வால்வுக்கானது) என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தச் சேர்க்கிட்டில் அதற்குள்ளால் எப்போதும் டிசி ஓடுவதால் இரும்புத் தகடுகளுக்கிடையே சிறு இடைவெளி விட்டுச் செய்திருப்பார்கள். பொது அறிவிப்பு ஒலிபெருக்கிக் கடையில் கிடைக்கும் லைன் ரான்ஸ்போமரில் அது இல்லை. போட்டால் சத்தம் மெலிந்து கரகரக்கும்.

மோட்டர் சுற்றுகிறவரிடம் கொடுத்துச் சுற்றுவிக்கலாமா? வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 650 வோல்ற் சுருளுக்கு அடுக்குக்கு அடுக்கு வைக்க வேண்டிய காப்புத் தாளும், பிறகு வார்னிஷில் ஊறவைக்கிற வேலையும் தண்ணீர் மோட்டருக்குச் செய்வதைவிட வேறு. என் கருத்து: முதல் அம்ப்புக்குத் தொழிற்சாலை ரான்ஸ்போமரே போடுங்கள்.

4. மற்றப் பொருட்களும் காசும்

வால்வுகள் புதிதாகவே கிடைக்கின்றன. ஜேஜே, சொவ்ரெக், எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் என்று பெயர் பார்ப்பீர்கள். 12ஏஎக்ஸ்7ஐ ஐரோப்பியக் கடைகள் ஈசிசி83 என்று எழுதும், இரண்டும் ஒன்றே. வோல்ற் கூடுகிற எங்கள் ஊருக்கு ஜேஜே 6வி6எஸ் பாதுகாப்பான தெரிவு, பழைய 6வி6ஐ விடக் கூடிய வோல்ற்றைத் தாங்கும்.

ரெசிஸ்ரர்: 68 கிலோ ஓம் இரண்டு, 1 மெகா ஓம் ஒன்று, 100 கிலோ ஓம் இரண்டு, 1.5 கிலோ ஓம் இரண்டு, 220 கிலோ ஓம் ஒன்று, 22 கிலோ ஓம் இரண்டு, 10 கிலோ ஓம் ஒன்று, 470 ஓம் ஒன்று. கடைசி இரண்டும் சூடாகும். 10 கிலோ ஓமை 3 வாற்ஸிலும் 470 ஓமை 5 வாற்ஸிலும் வாங்குங்கள். இதோடு 560, 680 ஓம் 5 வாற்ஸ் ஒவ்வொன்றும், ஹீற்றருக்கு (வால்வுக்குள் சூடேற்றும் இழை) 100 ஓம் இரண்டும், கப்பாசிற்றரை வெறுமையாக்க 220 கிலோ ஓம் 3 வாற்ஸ் ஒன்றும் சேருங்கள். வொலியூமுக்கு 1 மெகா ஓம் ஓடியோ வகை.

கப்பாசிற்றர்: 0.022 மைக்ரோபராட் 600 வோல்ற் இரண்டு, 25 மைக்ரோபராட் 50 வோல்ற் ஒன்று, பவருக்கு 22 மைக்ரோபராட் மூன்று. பவர் கப்பாசிற்றர் 500 வோல்ற்றாக இருக்கட்டும். படத்தில் 450 என்றுதான் இருக்கும். ஆனால் 6வி6 வேலை செய்யாமல் நின்றால் உள் வோல்ற் 460ஐத் தொடும், சுவரில் வோல்ற் கூடினால் அதற்கும் மேலே போகும். கொழும்பில் 450 இலகுவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். "பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும்" என்று முதல் கப்பாசிற்றரை 47, 100 என்று கூட்டவும் கூடாது. 5வை3 வால்வு அந்த ஆரம்ப இழுவையைத் தாங்காது.

ரெசிஸ்ரர், வயர், ஸ்விட்ச், பியூஸ் கூடு, ஜாக் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம். சென்னைக்குப் போகிறவர் யாரும் இருந்தால் ரிச்சி தெரு இன்னும் மலிவு. வால்வும் ரான்ஸ்போமரும் அங்கு தேடி அலையாமல் வெளிநாட்டிலிருந்தே எடுப்பியுங்கள்.

மீற்றர் மலிவானது வாங்க வேண்டாம். 600 வோல்ற் டிசிக்கு மேல் அளக்கக்கூடிய, முனை வயரின் காப்பு தடித்த ஒன்று வேண்டும். இந்த வேலையில் உயிரைக் காக்கிற சாமான் அது.

செலவு: வால்வு மூன்றும் 60 முதல் 90 டொலர், ரான்ஸ்போமர் இரண்டும் 90 முதல் 150, எட்டு அங்குல ஸ்பீக்கர் 30 முதல் 60, சில்லறைப் பொருட்கள் 50 அளவில். தபால், சுங்க வரி, பலகை, தகர வேலை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கிவிட்டுத் தொடங்கினால் நடுவில் நிற்க வராது. முழுக் காசும் கையில் சேருமுன் தொடங்க வேண்டியிருந்தால் ரான்ஸ்போமரை முதல் வாங்குங்கள். அவற்றின் அளவு தெரியாமல் தகரத்தில் ஓர் ஓட்டையும் போட முடியாது.

5. எடுப்பிப்பது: கடதாசிகளும் காலமும்

உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டு இணையக் கடைகளுக்கு வேலை செய்யுமா என்று முதலில் கிளையில் கேளுங்கள். பல அட்டைகளில் அந்த வசதியை நாங்கள் கேட்டால்தான் திறந்துவிடுவார்கள்.

ஓர்டர் கொடுத்த அன்றே ஒரு கோவை தொடங்குங்கள். இன்வொய்ஸ், காசு கட்டிய பற்றுச்சீட்டு, பொருள் விவரப் பக்கத்தின் அச்சுப் பிரதி, தேசிய அடையாள அட்டைப் பிரதி, பொதியின் தேடல் எண். பொதி கொழும்பில் சுங்கத்தில் நிறுத்தப்பட்டால் இவை எல்லாம் கேட்பார்கள். கிளிநொச்சியிலிருந்து ஒரு கடதாசிக்காக இரண்டாம் தரம் கொழும்புக்குப் போவதில் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். உங்களுக்குப் பதிலாகக் கொழும்பில் இருக்கிற ஒருவர் போவதென்றால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதியும் அவர் கையில் இருக்கட்டும்.

விற்பவரிடம் இன்வொய்ஸில் பொருளைப் பிரித்து, எச்எஸ் குறியீட்டோடு (சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்) எழுதித் தரச் சொல்லுங்கள். வால்வு 8540, ரான்ஸ்போமர் 8504, கப்பாசிற்றர் 8532, ரெசிஸ்ரர் 8533, ஸ்பீக்கர் 8518. முழுக் கிற்றாக வாங்கினால் அதை முடிந்த அம்ப்பாகவே, 8518இன் கீழ் கணக்கிட இடமுண்டு. வரி வீதம் மாறிக்கொண்டே இருப்பதால் ஓர்டர் கொடுக்கிற கிழமையில் சுங்கத்தின் கட்டண அட்டவணையில் இந்தக் குறியீடுகளைப் பாருங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்ல வேண்டாம். பிடிபட்டால் தண்டம் ஒரு பக்கம்; பொதி உடைந்து வந்தால் நட்டஈடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

விலாசத்தில் கிராமப் பெயர், உபதபாலகத்தின் பெயர், தபால் குறியீட்டு எண், தொலைபேசி எண் நாலும் இருக்கட்டும். வீட்டு இலக்கம் இல்லாத இடங்களில் தொலைபேசி எண்தான் பொதியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

தபாலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் விரைவு; ஆனால் சுங்க வேலை செய்து தருவதற்கு அவர்கள் தனியாக அறவிடுவார்கள். ஆட்கள் மூலம் என்றால் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் மடுத் திருவிழா, வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறை என்று அவர்கள் வருகிற காலத்தைப் பார்த்து இரண்டு மாதம் முன்னமே சொல்லிவிடுங்கள். வால்வைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ரான்ஸ்போமர் பெரிய பெட்டிக்குள் வரலாம்.

6. சேசிஸ்

1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு போதும். பீலி வளைக்கிற தகரம் மெல்லியது, ரான்ஸ்போமரின் பாரத்தில் தொய்யும். அலுமினியக் கதவு வேலை செய்கிற இடத்தில் தகட்டைக் கொடுத்து "ப" வடிவில் வளைப்பியுங்கள். ஓட்டை அளவைப் படத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வால்வைச் செருகும் சொக்கற் கைக்கு வந்த பிறகு கலிப்பரால் அளந்து வெட்டுங்கள். எட்டுக் கால் சொக்கற் 28 முதல் 30 மில்லிமீற்றர் வரையும், ஒன்பது கால் சொக்கற் 19 முதல் 22 வரையும் கொம்பனிக்குக் கொம்பனி மாறும்.

பவர் ரான்ஸ்போமர் ஒரு கரையில், அவுட்புட் மறு கரையில், ஒன்றின் சுருள் மற்றதற்குச் செங்குத்தாக. கிற்றார் ஜாக்கும் 12ஏஎக்ஸ்7உம் பவரிலிருந்து எட்டத்தில்.

7. ஒட்டுகிற வேலை

பொருள்களைத் தாங்கும் பலகைக்கு பைபரோ பேக்லைற்றோ எடுங்கள். பிளைவுட்டில் ஆணியடித்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாரியில் ஈரம் குடித்த பலகையில் 300 வோல்ற் மெல்லக் கசியும், ஸ்பீக்கரில் இரவெல்லாம் பொரியும் சத்தம் கேட்கும்.

ஹீற்றர் வயரை முதலில் இழுங்கள். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 1/1.13 வயரில் இரண்டை நெருக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். விறைப்பான வயர் என்பதால் வைத்த இடத்தில் நிற்கும். 6வி6இல் அது 2, 7ஆம் கால்களுக்குப் போகும். 12ஏஎக்ஸ்7இல் 4ஐயும் 5ஐயும் சேர்த்து ஒரு பக்கம், 9 மறு பக்கம். ரான்ஸ்போமரில் 6.3 வோல்ற்றுக்கு நடு வயர் இல்லாவிட்டால் இரண்டு 100 ஓம்களை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சேசிஸுக்குப் போடுங்கள். இதை விட்டால் உறுமல் போகாது.

5வை3க்கு 5 வோல்ற் 2, 8இல். உயர் வோல்ற் 4, 6இல். டிசி வெளியே வருவது 8இல். 6வி6இல் 3 பிளேற், 4 ஸ்கிறீன், 5 கிறிட், 8 கதோட் (நாலும் வால்வுக்குள் இருக்கும் பாகங்கள்). கால்களை அடியிலிருந்து பார்த்து வலஞ்சுழியாக எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணி முழுவதையும் மாற்றி ஒட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. சொக்கற்றின் அடியில் 1, 8 என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

மற்றவை லேஅவுட் படத்தில் உள்ளபடி. ஒட்டிய ஒவ்வொரு வயரையும் படத்தில் சிவப்புப் பேனாவால் கீறிக்கொண்டு போங்கள். பவர் கப்பாசிற்றர்களின் பிளஸ், மைனஸை இரண்டு தரம் பாருங்கள். மாற்றிப் போட்டால் வெடிக்கும். 220 கிலோ ஓம் 3 வாற்ஸை முதல் பவர் கப்பாசிற்றரின் இரண்டு முனைக்கும் குறுக்கே போட மறக்க வேண்டாம். அது இருந்தால் ஸ்விட்ச்சை நிறுத்தி ஒரு நிமிடத்தில் வோல்ற் இறங்கிவிடும். இறங்கிவிட்டதா என்று மீற்றரில் பார்த்த பிறகே கை வையுங்கள், ஒவ்வொரு தரமும்.

பியூஸ்: லைன் வயரில், 500 மில்லி அம்பியர், மெல்ல எரியும் வகை. படத்தில் இருக்கும் பியூஸ் அளவு 120 வோல்ற்றுக்கானது.

8. முதல் தடவை கரண்ட் கொடுப்பது

நேராகச் சுவரில் செருக வேண்டாம். 60 வாற்ஸ் பழைய இழை பல்ப் ஒன்றை அம்ப்போடு தொடராக இணைத்து ஒரு பெட்டி செய்யுங்கள். எல்ஈடியோ சிஎஃப்எல்லோ இதற்கு உதவாது. மின்சாமான் கடையில் இழை பல்ப் இல்லை என்பார்கள். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட இன்றைக்கும் அதைத்தான் பாவிப்பதால், கோழித்தீன் விற்கிற கடையில் கேட்டுப் பாருங்கள்.

முதலில் வால்வு ஒன்றும் இல்லாமல். பல்ப் ஒருமுறை மின்னி அணைய வேண்டும். முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ சோர்ட், கழற்றித் தேடுங்கள். சரி என்றால் 6.3, 5, 325-0-325 மூன்றையும் ஏசியில் அளவுங்கள். வால்வு இல்லாதபோது சற்றுக் கூடவே காட்டும்.

பிறகு 12ஏஎக்ஸ்7உம் 6வி6உம் மட்டும். இரண்டிலும் செம்மஞ்சளாக இழை தெரிய வேண்டும். அடுத்து ஸ்பீக்கரைக் கொழுவிவிட்டு 5வை3ஐயும் செருகுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு அம்ப்பை ஓட விடவே கூடாது, அவுட்புட் ரான்ஸ்போமர் கருகும். பல்ப் மங்கலாக எரிந்தால் நல்ல அறிகுறி.

மீற்றரின் கறுப்பு முனையை முதலை கிளிப்பால் சேசிஸில் கடிக்க விடுங்கள். சிவப்பு முனை ஒரு கையில், மற்றக் கை பொக்கற்றுக்குள். காலில் செருப்பு, காய்ந்த நிலம்.

கூவென்று ஊளையிட்டால் பயப்பட வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாகத் திரும்பி வரும் சிக்னல் தலைகீழாக வருகிறது என்று அர்த்தம். நிறுத்தி, வோல்ற் இறங்கிய பிறகு, அவுட்புட் ரான்ஸ்போமரின் பிரைமரி வயர் இரண்டையும் மாற்றி ஒட்டுங்கள். ஊளை நின்றுவிடும்.

9. பல்ப்பைக் கழற்றிவிட்டு அளப்பது

எல்லாம் ஒழுங்கென்றால் நேரே சுவரில் செருகி, ஐந்து நிமிடம் சூடாக விட்டு அளவுங்கள். 6வி6இன் 3ஆம் காலில் 340 அளவில், 4இல் 300 அளவில், 8இல் 18 முதல் 20 வரை வர வேண்டும்.

இப்போது கணக்கு. 8ஆம் காலில் 19 வோல்ற் என்று வைப்போம். 19ஐ 470ஆல் பிரித்தால் 40 மில்லி அம்பியர். அதில் 3 அளவு ஸ்கிறீனுக்குப் போகும், மிச்சம் 37. 3ஆம் காலில் 345 என்றால், 345இல் 19ஐக் கழித்தால் 326. 326 தர 0.037, ஏறத்தாழ 12 வாற்ஸ். 6வி6 தாங்குவது 12 முதல் 14 வரை. ஆகவே சரி.

இதே அளவை உங்கள் கொப்பியில் ஆகக்கூடிய வோல்ற் இருந்த நேரத்திலும் எடுங்கள். வன்னியில் கட்டுகிறவர் விடக்கூடாத படி இது. மாலை 215இல் நல்லாய் இருந்த அம்ப், விடியப்புறம் 243இல் 14ஐத் தாண்டும். வால்வின் பிளேற்றில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். 470க்குப் பதில் 560ஐப் போட்டு மறுபடி அளவுங்கள். அதுவும் கூட என்றால் 680. சத்தத்தில் வித்தியாசம் தெரியாது, வால்வின் ஆயுளில் தெரியும்.

10. பெட்டி

அசல் பெட்டி பைன் மரம். எங்கள் பக்கம் ஓடாவியாரிடம் போனால் தேக்கும் முதிரையும்தான் முதலில் சொல்வார்கள். எனக்குச் செய்து தந்தவரிடம் முதிரை கேட்டபோது, "தம்பி, முதிரையிலை செய்தால் பாட்டுக்காரனோடை தூக்கவும் ஒரு ஆள் வேணும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். பாரமான மரம் ஒலியோடு அதிராது. இந்தச் சின்னப் பெட்டியின் இனிமையில் பாதி அந்த அதிர்வில் இருக்கிறது. இறக்குமதிப் பொருள் வந்த பைன் பலகைப் பெட்டிகளைக் கழற்றி எடுத்தால் மலிவு, இலேசு. கிடைக்காவிட்டால் 18 மில்லிமீற்றர் மகோகனி.

மரம் வாங்கினால் உரிமம் உள்ள மரக்காலையிலோ அரச மரக் கூட்டுத்தாபனத்திலோ வாங்கி பில்லை வைத்திருங்கள். ஊரில் யாரும் தறித்து வைத்த மரத்தை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் வந்தால் மறித்து அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். மாரியில் வாங்கிய பலகையை உடனே பெட்டியாக்க வேண்டாம். சோளகம் தொடங்க மூட்டு விலகும்.

பின்பக்கத்தை முழுதாக மூடக் கூடாது, சூடு வெளியேற வேண்டும். முழுதாகத் திறந்தும் விடக் கூடாது. சூட்டுக்குப் பல்லி உள்ளே வந்து சொக்கற்றின் இரண்டு காலுக்குக் குறுக்கே கிடந்து கருகும், பியூஸும் போகும். துளையிட்ட தகடு ஒன்றைப் போடுங்கள்.

11. பாவிக்கும்போது

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் ஸ்விட்ச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற நேரத்திலும் அப்படியே.

வெளியே கொண்டுபோகும்போது 6வி6ஐயும் 5வை3ஐயும் கழற்றித் துணியில் சுற்றித் தனியாகக் கொண்டுபோங்கள், எங்கள் உள்வீதிகளில் பெட்டிக்குள் இருந்தால் கால் தளரும். போகிற இடத்தில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளக் சோதனைக் கருவியும், இரண்டு 500 மில்லி அம்பியர் பியூஸும், மேலதிகமாக ஒரு 12ஏஎக்ஸ்7உம் பையில் இருக்கட்டும். எர்த் இல்லாத மேடையில் செருக வேண்டாம். இன்னொரு பொயின்ற்றிலிருந்து மூன்று கம்பி எக்ஸ்ரென்ஷன் இழுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.